மீன் தண்ணீரில் வெந்த பருப்புச்சோறு

குவைத்தில், ஃபஹாஹீலில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் ஏசி பெட்டிகள்தான் தெரியும். அவற்றின் மேல் புறாக்கள் வந்து உட்காரும். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அந்தா பாரு புறா" என்று காட்டி, அவள் வாய் திறக்கும் நேரம் பார்த்து ஒரு வாய்ச் சோற்றை உள்ளே தள்ளிவிட வேண்டும். புறா வராத நாளில் இரண்டு பேருக்கும் அழுகைதான்.

அவளுக்கு அப்போது பதினான்கு மாதம். பதினோராம் மாதத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, கூடவே பசியும் போய்விட்டது. பாட்டில் பால் கொஞ்சம் குடிப்பாள். மற்றபடி குழைய வெந்த பருப்புச்சோற்றை நெய் விட்டுப் பிசைந்து கொடுத்தால் ஏழு, எட்டு வாய். அதுவும் என் கையால் மட்டும். கிளினிக் டாக்டரம்மா எடை போட்டுப் பார்த்து, அட்டையில் இருந்த கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தார். அடுத்த தடவையும் புள்ளி கீழேயே போனால் அட்மிட் பண்ணி மூக்கில் டியூப் போட வேண்டிவரும் என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து அந்த மூக்கைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு டியூப்தான் ஞாபகம் வந்தது.

மாடி வீட்டில் காயல்பட்டினத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. வீட்டுக்காரர் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அந்த அம்மாவை நான் அவர்கள் வழக்கப்படி லாத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் நான் சோறு ஊட்டும் சண்டையைப் பார்த்துவிட்டு, "மீன் ஆணம் வச்சுத் தாறேன், ரெண்டு சொட்டு நாக்குல வையி. பிள்ள எந்திரிச்சு ஓடும்" என்றார். ஆணம் என்றால் அவர்கள் பேச்சில் குழம்பு.

"ஐயோ லாத்தா, நாங்க சைவம்."

"நீங்க சைவம்மா. பிள்ளகிட்ட யாரு கேட்டா?"

சிரித்துச் சமாளித்தேன். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். குவைத்துக்குக் கிளம்பும்போது மாமியார் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: எந்த ஊருக்குப் போனாலும் முட்டைகூட வீட்டுக்குள் வரக்கூடாது. நான் அதைக் காப்பாற்றினேன். கேக் வாங்கினால்கூட டப்பாவைத் திருப்பி எழுத்துக்கூட்டிப் படிப்பேன். வெள்ளிக்கிழமை போனில் மாமியார், "பிள்ளை வாயில என்னமும் போகுதா?" என்று கேட்பார். "போகுது அத்தை" என்பேன். கணவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கணவர் ரிஃபைனரியில் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசர். அங்கே புதிதாக வந்த இயந்திரங்கள் ஜப்பானியக் கம்பெனியுடையவை. ஆறு வாரம் ஜப்பானுக்குப் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும், குடும்பத்தையும் கூட்டிப்போகலாம் என்று ஆர்டர் வந்தது. நான் இரண்டு முறை வரவில்லை என்றும், மூன்று முறை வருகிறேன் என்றும் சொன்னேன். இந்த நிலையில் பிள்ளையை விமானத்தில் ஏற்றலாமா? தனியாக ஃபிளாட்டில் வைத்துக்கொண்டு ஏதாவது ஆகிவிட்டால்? கடைசியில் ஒரு பெட்டி நிறையப் பொன்னி அரிசியும் பாசிப்பருப்பும் நெய்யும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

அங்கே கம்பெனி கொடுத்த வீட்டில் கேஸ் அடுப்பு இருந்ததால் மூன்று வாரம் தள்ளிவிட்டேன். நான்காம் வாரம், கணவருக்குப் பயிற்சி கொடுத்த பெரியவர், வயதான எஞ்சினியர், மலைப்பக்கத்தில் ஒரு ஏரிக்கரை விடுதியில் எங்களுக்கு ஒரு நாள் இரவு தங்க ஏற்பாடு செய்துவிட்டார். பழைய காலத்து விடுதியாம், பூமியிலிருந்து வெந்நீர் ஊறி வருமாம். சாப்பாடு சைவம்தான் வேண்டும் என்றும் அவரே சொல்லிவைத்திருந்தார்.

"உன் வைஃப் ரொம்பக் களைப்பா தெரியறாங்கன்னு சொன்னார்" என்றார் கணவர்.

அது அக்கறையா குறையா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஒரு தடவைதான் அவரைப் பார்த்திருந்தேன். நன்றாகத்தான் தலை சீவியிருந்தேன்.

விடுதி அறையில் அடுப்பு இருக்காது. அதனால் குவைத்திலிருந்து கொண்டுவந்திருந்த குட்டி ரைஸ் குக்கரை எடுத்துவைத்தேன். மூன்று பின் கொண்ட ப்ளக் அங்கே நுழையாது. அதற்கு ஒரு அடாப்டரும் இருந்தது. கணவரின் செல்போன் சார்ஜர் அதில்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

விடுதி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்குப் பதற்றம். உள்ளே எல்லாம் அவ்வளவு அமைதி, அவ்வளவு சுத்தம். அறையில் கட்டில் கிடையாது. தரை முழுக்கப் பாய், சுவரோடு சுவராக இழைத்துப் போட்ட மாதிரி. நடுவே ஒரு குட்டையான மேஜை. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதற்கு வெளியே ஏரி. இலையுதிர் காலம். எதிர்க்கரையில் மலை சிவப்பும் மஞ்சளுமாக இருந்தது. குவைத்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்த எனக்கு, அவ்வளவு நல்ல தண்ணீர் யாரும் தொடாமல் சும்மா கிடப்பது ஆச்சரியமாக இருந்தது. மகள் பாயில் இறங்கித் தவழ்ந்தாள். அவள் எங்கே ஈரம் பண்ணிவிடுவாளோ என்று ஒரு துணியோடு பின்னாலேயே போனேன்.

எங்கள் அறைக்கு ஒரு பணிப்பெண். நாற்பது வயதிருக்கும், கிமோனோ உடுத்தி, முழங்காலில் உட்கார்ந்துதான் கதவையே திறந்தாள். நாலைந்து ஆங்கில வார்த்தைகள் தெரியும். மிச்சத்தைக் கையாலும் முகத்தாலும் சொன்னாள். தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, குளித்துவிட்டு உடுத்திக்கொள்ளச் சொல்லிப் பருத்தி அங்கிகளை வைத்துவிட்டுப் போனாள்.

நான் குளிக்கவில்லை. பெண்கள் எல்லாரும் ஒன்றாக, உடம்பில் ஒன்றும் இல்லாமல் இறங்குவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். சுடிதார் மேலேயே அங்கியை மாட்டி இடுப்புக் கயிற்றைக் கட்டினேன். பிறகு சாமான் வைக்கும் மூலையில் ஒரு ப்ளக் பாயிண்டைக் கண்டுபிடித்து, அரிசி பருப்பைக் களைந்து போட்டு, திருடி போல குக்கரை மாட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மணி நாலரை.

ஐந்தரைக்குத் திறந்து பார்த்தேன். அரிசி அப்படியே கிடந்தது. விரலை விட்டால், பிள்ளையைக் குளிப்பாட்டும் பதத்தில் தண்ணீர். மகள் மதியத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. முனகத் தொடங்கியிருந்தாள்.

"இங்க பாருங்க, குக்கர் ரிப்பேர் போல."

கணவர் வந்து மூடியைத் திறந்தார், மூடினார். விளக்கைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"இங்க நூறு வோல்ட்டுல்லா."

"அப்படின்னா?"

"நம்ம குக்கர் இருநூத்தி நாப்பது. ஆறுல ஒரு பங்கு சூடுதான் வரும். ராத்திரி பூரா வச்சாலும் கொதிக்காது."

"சார்ஜர் வேலை செஞ்சுதே?"

"அது எதுலயும் வேலை செய்யும்."

"நீங்க என்ன வேலை பாக்கீங்க குவைத்துல?"

"எலெக்ட்ரிகல்" என்றார், பள்ளிக்கூடத்தில் எழுப்பி விட்ட பையன் மாதிரி. பயிற்சிக்கு வந்த மூன்று வாரமும் வோல்ட்டேஜைத்தான் படித்துக்கொண்டிருந்தவர். வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

ஆறு மணிக்குப் பணிப்பெண் இரவுச் சாப்பாட்டோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு வேகமாக எழுந்து வந்தாள். என் அங்கியின் கயிற்றை அவிழ்த்து, மேலே இருந்த வலப்பக்கத்தை உள்ளே தள்ளி, இடப்பக்கத்தை மேலே கொண்டுவந்து கட்டினாள். சேலை முந்தானை வலப்பக்கத்திலிருந்து வருவதுதானே நமக்குப் பழக்கம், அப்படியே கட்டியிருந்தேன். ஏன் என்று கேட்டதற்குச் சிரித்து மழுப்பினாள். கணவர்தான் அப்புறம் சொன்னார், வலப்பக்கம் மேலே வைப்பது செத்தவர்களுக்குத்தானாம். பிள்ளை சோறு தின்ன மாட்டேன் என்கிற நேரத்தில், அதற்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் அந்தக் கோலத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

கட்டி முடித்த பிறகு அவள் குக்கரைப் பார்த்தாள். குனிந்து தண்ணீரைத் தொட்டாள். வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

"பேபி?"

"பேபி" என்றேன். "நோ ஈட். ஒன்லி திஸ்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. பி.எஸ்ஸி. படித்தவள் நான். அந்த நேரத்தில் எனக்கும் அவ்வளவு ஆங்கிலம்தான் வந்தது.

அவள் சிரிப்பை நிறுத்தினாள். குக்கரின் உள் பாத்திரத்தை அரிசியும் பருப்புமாக இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, சமையலறை இருக்கும் பக்கம் தலையை ஆட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். சின்னச் சின்னக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு வாய். டோஃபு, காளான், அவித்த பூசணி, ஊறுகாய், தெளிவாக ஒரு சூப். எல்லாமே நன்றாக இருந்தது என்று இப்போது சொல்ல முடிகிறது. அப்போது மகளை மடியில் ஆட்டிக்கொண்டே விழுங்கினேன். சூப்பில் புகை போட்டது போல ஒரு மணம். காளான் மணம் என்று நினைத்துக்கொண்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து அவள் மூடி போட்ட ஒரு மண்சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் பொன்னி அரிசியும் பாசிப்பருப்பும்தான், நான் ஒருநாளும் வேகவைக்காத அழகில் குழைந்து, பளபளவென்று இருந்தது. மூடியைத் திறந்ததும் ஆவியோடு வாசனை வந்தது. அதே புகை மணம், அதற்கு அடியில் இன்னொன்று. ஃபஹாஹீல் மீன் மார்க்கெட்டை நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். எனக்குத் தெரியாதா?

கணவரைப் பார்த்தேன். அவர் சட்டியைக் காட்டி, கையை நெளித்து மீன் போல ஆட்டி, "ஃபிஷ்?" என்று கேட்டார்.

"நோ ஃபிஷ், நோ ஃபிஷ்!" அவள் பதறிக் கையை ஆட்டினாள். பிறகு சமாதானமாகி, பெருமையாகச் சொன்னாள். "ஃபிஷ் சூப், ஒன்லி. பேபி குட்."

துண்டு மீன் எதிலும் இல்லை. மீனைக் காயவைத்துச் சீவிப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர், அவ்வளவுதான். அவர்களுக்கு அது உப்பு மாதிரி, கணக்கிலேயே வராது. நான் குடித்த சூப், அவித்த பூசணி, எல்லாம் அந்தத் தண்ணீர்தான் என்று அப்போதுதான் உறைத்தது. எங்கள் இரண்டு பேர் சைவமும் அரைமணி நேரத்துக்கு முன்பே போய்விட்டது. கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

அவள் வணங்கிவிட்டு வெளியே போனாள்.

"வெறும் தண்ணியில செய்யச் சொல்வோமா?" என்றேன்.

"சொல்லலாம். ஆனா தப்பு பண்ணிட்டோம்னு விடுதி முதலாளியம்மா வந்து தரையில நெத்திய வச்சு மன்னிப்பு கேப்பாங்க. ஏற்பாடு பண்ணின எஞ்சினியர் சாருக்குத் தெரிஞ்சா அவரும் தலைய குனிஞ்சுக்கிட்டு நிப்பாரு." கையைத் துடைத்துக்கொண்டார். "நீ பாத்துக்கிடு."

இந்த "நீ பாத்துக்கிடு" என்னிடம் எத்தனை தடவை வந்திருக்கிறது! மருந்து கொடுக்கலாமா, தடுப்பூசி போடலாமா, பாட்டில் மாற்றலாமா. சரியாக முடிந்தால் நாங்கள் செய்தது. இல்லையென்றால் நான் பார்த்துக்கொண்டது.

மகள் மடியிலிருந்து நெளிந்து சட்டியை நோக்கி உடம்பை நீட்டினாள். மூக்கு விடைத்தது. நான் ஒரு வாய் எடுத்து ஆற்றினேன். முருகா, பிள்ளை பசி, பாவத்தை என் மேல் போடு, அவள் மேல் போடாதே என்று மனதில் சொல்லிவிட்டு ஊட்டினேன்.

விழுங்கினாள். மறுபடி வாயைத் திறந்தாள்.

புறா இல்லை, பாட்டு இல்லை. ஒரு வாய், இன்னொரு வாய். பன்னிரண்டுக்கு மேல் எனக்கு எண்ண முடியவில்லை. கணவர் அருகில் வந்து உட்கார்ந்தார். சட்டியில் பாதி காலி. கடைசி வாயோடு என் தோளில் சாய்ந்து, அப்படியே தூங்கிப்போனாள். மூன்று மாதத்தில் அவள் வயிறு அப்படி உப்பி நான் பார்த்ததில்லை. அவள் மிச்சம் வைப்பதையெல்லாம் நான்தான் தின்பேன், அது ஒரு பழக்கம். அன்று மிச்சத்தை மூடிவைத்துவிட்டேன்.

படுக்கை விரிக்க வந்த பணிப்பெண் மூடியைத் தூக்கி, பாதி காலியான சட்டியைப் பார்த்துச் சத்தமில்லாமல் கை தட்டினாள். என் கையில் ஒரு சின்னத் துண்டைத் திணித்து, கணவரைக் காட்டி, பிள்ளையைக் காட்டி, என்னை வாசல் பக்கம் தள்ளினாள். குளித்துவிட்டு வா என்று.

சிவப்புத் திரைக்குப் பின்னால் பெண்கள் குளியல். நல்லவேளை, ஒரே ஒரு பெண்தான் இருந்தாள், மூன்று வயதுப் பிள்ளையோடு. அந்தப் பிள்ளை தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று வீறிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. அந்தத் தாய் என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்பது போலத் தலையைக் குனிந்தாள். அவள் கண்ணுக்குக் கீழே என்னைப் போலவே கருவளையம். அவளைப் பார்த்த பிறகு கூச்சம் கொஞ்சம் விட்டது. குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து தேய்த்துக் குளித்தேன், அப்புறம்தான் தொட்டியில் இறங்க வேண்டும். துண்டைப் பிரசவ ஆப்பரேஷன் தழும்பின் மேல் வைத்துக்கொண்டே இறங்கினேன்.

தண்ணீர் அவ்வளவு சூடு. திறந்தவெளி, முன்னால் இருட்டில் ஏரி. முகத்தில் குளிர், கழுத்து வரை வெந்நீர். பிள்ளை பிறந்ததிலிருந்து நான் கதவைத் தாழிட்டுக் குளித்ததில்லை. வெளியே அழுகிறாளா என்று தண்ணீரை நிறுத்தி நிறுத்திக் கேட்டுத்தான் குளிப்பேன். அங்கேயும் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன். பிறகு யோசனைகள் வந்தன. இனி வெறும் பருப்புச்சோற்றைத் தொடமாட்டாளோ? குவைத்துக்குப் போய் இந்தத் தண்ணீருக்கு எங்கே போவேன்? மூன்று மாதம் மீன் ஆணம் வேண்டாம் என்று பிடிவாதமாகப் பிள்ளையைப் பட்டினி போட்டது நானா? மாமியாரிடம் சொல்வதா? சொல்லவில்லை, இன்றுவரைக்கும். கால் விரல்கள் தளர்ந்து, உடம்பு தண்ணீரில் லேசாக மிதந்தது. யோசனைகள் நிற்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றாக, கொஞ்சம் மெதுவாக வந்தன.

காலையில் கணவர் குளிக்கப் போயிருந்தபோது பணிப்பெண் படுக்கை எடுக்க வந்தாள். மகளைக் கொஞ்சிவிட்டு, அரிசிக்காக ஒரு கிண்ணத்தை நீட்டினாள். நான் அரிசியும் பருப்பும் கலந்து அவள் கிண்ணத்தில் போட்டேன்.

தண்ணீருக்கு அவர்கள் மொழியில் "மிசு" என்பார்கள். கணவர் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். வெறும் மிசு என்றால் போதும், அவளுக்குப் புரியும். ராத்திரி நடந்தது தெரியாமல் நடந்தது, வேறு வழியில்லாமல் நடந்தது என்று நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம். இதை அப்படிச் சொல்ல முடியாது.

"சேம்?" என்று கேட்டாள்.

முதலாளியம்மாவின் நெற்றியைப் பற்றி நான் அப்போது நினைக்கவே இல்லை. பிள்ளை சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் இருந்தது மனதில்.

"சேம்" என்றேன்.

எட்டு மணிக்கு எங்கள் காலைச் சாப்பாட்டோடு சட்டி வந்தது. அதே மணம், அதே பளபளப்பு. கணவர் என்னைப் பார்த்தார். நான் மகளை மடியில் வைத்து முதல் வாயை ஊட்டினேன். விழுங்கினாள். இரண்டாவது. மூன்றாவது வாயை நாக்கால் வெளியே தள்ளிவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டாள். எனக்குத் தெரிந்த அதே மூடல்.

"தங்கம், ஒரே ஒரு வாய். அந்தா பாரு படகு."

படகைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. கன்னத்தை அழுத்தப் பார்த்தேன், வீறிட்டாள். பாவம் செய்தது செய்ததாகவே நிற்க, அதன் பலனும் இல்லாமல் போனதே என்று நான் மலைத்து உட்கார்ந்துவிட்டேன். கை தளர்ந்திருக்க வேண்டும். அவள் மடியிலிருந்து வழுக்கி இறங்கி, மேஜையைப் பிடித்து எழுந்து, எனக்கு வைத்திருந்த வெள்ளைச் சோற்றுக் கிண்ணத்துக்குள் கையை விட்டாள்.

வெறும் சோறு. குழம்பில்லை, நெய்யில்லை, கொஞ்சம் ஒட்டிப் பிடிக்கும் சோறு. ஒரு பிடி எடுத்து வாயில் அப்பினாள். பாதி கன்னத்தில், பாதி பாயில். மென்றாள். மறுபடி கை விட்டாள்.

என் கை தானாக அவள் மணிக்கட்டைப் பிடிக்கப் போனது. குவைத் வீட்டில் கார்ப்பெட் அழுக்காகும் என்று இந்தக் கையை நான் பிடித்துத்தான் வைத்திருப்பேன். ஒரு கையால் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்து, மறு கையால் ஊட்டுவேன். அப்படித்தான் எங்கள் வீட்டில் எல்லாரும் ஊட்டுவார்கள்.

"பாய்ல ஒட்டுது பாரு" என்றார் கணவர், பாதி எழுந்துகொண்டே.

"ஒட்டட்டும். நான் பொறுக்கிக்கிடுதேன்."

"அவங்க என்ன நினைப்பாங்க?"

"நினைக்கட்டும். நீங்க உக்காருங்க."

நான் அவரிடம் அப்படிப் பேசுவது அபூர்வம். உட்கார்ந்தார். மகள் எங்கள் இரண்டு பேரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, என் தட்டிலிருந்த அவித்த பூசணித் துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அது மீன் தண்ணீரில் வெந்தது, சோறு வெறும் தண்ணீரில் வெந்தது. அவளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. இரண்டையும் சேர்த்து வாயில் திணித்துக்கொண்டாள்.

என் வலக்கையில் பருப்புச்சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. எழுந்துபோய்க் கழுவிவிட்டு வந்து, அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். கணவர் தன் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. சாப்பிட ஆரம்பித்தேன்.